வியாழக்கிழமை மட்டும் வரும் டாக்டர்

வாசகர் கேள்வி – பதில்: மனநலம்

கிராமப்புற மனநல சேவை பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: டாக்டர் இருப்பது சில மணி நேரம், நோய் இருப்பது இரவும் பகலும். அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்ற கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். மனநல மருத்துவர் ஒருவரும் மனநல சமூகப் பணியாளர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருகிறார். என் அண்ணனுக்கு 9 வருடமாக மனச்சிதைவு நோய். காலை 6 மணி பஸ்ஸைப் பிடித்துப் போனாலும் 12 மணிக்குத்தான் எங்கள் முறை வருகிறது. உள்ளே போனால் 2 நிமிடம். "தூங்குறாரா, சாப்பிடுறாரா" என்று கேட்டுவிட்டு பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்துவிடுகிறார். தினமும் டாக்டர் வந்தால் என்ன? – வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

உங்கள் கோபம் நியாயம்தான். அந்த 2 நிமிடம் எப்படி 2 நிமிடம் ஆனது என்று முதலில் பாருங்கள். ஓ.பி. காலை 9 முதல் 1 மணி வரை என்று வைத்துக்கொள்வோம், 240 நிமிடம். வந்திருப்பவர்கள் 70 பேர். அதில் 6 பேர் புதியவர்கள். புது ஆளை 20 நிமிடத்துக்குக் குறைவாகப் பார்த்தால் நோயைத் தவறாகக் கணிக்க நேரும், ஆகவே அவர்களுக்கே 120 நிமிடம் போய்விடும். மீதி 64 பேருக்கு மிச்சம் இருப்பதும் 120 நிமிடம். ஆளுக்கு 2 நிமிடம்கூடத் தேறாது.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் மற்ற நாட்களில் சும்மா இருப்பதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஓ.பி., வேறு தாலுகா முகாம்கள், மாற்றுத்திறனாளி சான்றிதழ், பயிற்சிகள் என்று வாரம் பங்கு போட்டுவிடப்படுகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் பெல்லாரியில் நிம்ஹான்ஸ் (பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனம்) செய்து பார்த்த முன்னோட்டத்தை வைத்து 1996-இல் இந்தத் திட்டம் தொடங்கியபோது, மனநல நிபுணர் ஊர் ஊராகத் தினமும் போவார் என்று யாரும் நினைக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குப் பயிற்சி கொடுத்து, வழக்கமான நோயாளிகளை அவரே பார்ப்பது, சிக்கலானவர்களை மட்டும் நிபுணரிடம் அனுப்புவது என்பதே ஏற்பாடு. பயிற்சி பெற்றவர் மாறுதலாகிப் போகிறார். புதிதாக வருபவருக்குப் பயிற்சி இல்லை. மாத்திரையும் இருப்பில் இல்லை. அதனால் எல்லோரும் வியாழக்கிழமை வாசலில் வந்து நிற்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது அந்த 2 நிமிடம். அதைப் பேச்சில் செலவழிக்காமல் ஒரு காகிதத்தில் கொண்டுபோங்கள். டாக்டர் 15 நொடியில் படித்துவிட வேண்டும். இப்படி எழுதலாம்:

"வயது 34. இரவு ரிஸ்பெரிடோன் 4 மி.கி., டிரைஹெக்சிஃபெனிடில் 2 மி.கி. கடந்த 7 இரவில் 4 இரவு 2 மணிக்கு மேல்தான் தூக்கம். இந்த மாதம் மாத்திரை விட்டது 3 நாள். 10 நாளாகத் தனியாகப் பேசுவது கூடியிருக்கிறது, பக்கத்து வீட்டார் மேல் சந்தேகம். கை நடுக்கம் இருக்கிறது. கேள்வி: நடுக்கத்துக்கு என்ன செய்வது?"

"பரவாயில்லை டாக்டர், அப்படியேதான் இருக்கான்" என்று சொன்னால் பழைய மாத்திரைதான் வரும். அந்த வார்த்தைக்கு அதுதான் சரியான மருந்து. "7-இல் 4 இரவு" என்று எண்ணிக்கை போனால் டாக்டரின் பேனா நின்று யோசிக்கும். மாத்திரை விட்ட நாளை மறைக்க வேண்டாம். மறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்கள். பிறகு ஒழுங்காகப் போடத் தொடங்கும்போது ஆள் எழுந்திருக்க முடியாமல் மயங்கிக் கிடப்பார்.

சாவு பற்றிய பேச்சு, வலிப்பு, காய்ச்சலோடு உடம்பு விறைத்துப்போவது, பெண்ணாக இருந்தால் மாதவிடாய் தள்ளிப்போயிருப்பது. இவற்றில் எது இருந்தாலும் காகிதத்தின் முதல் வரியில் எழுதி, வரிசையில் உட்காரும் முன்பே செவிலியரிடம் காட்டுங்கள். வரிசை பார்க்காமல் உள்ளே விட வேண்டிய ஆள் அவர்.

அண்ணனோடு ஒரே வீட்டில் இருப்பவர்தான் கூட வர வேண்டும். வெளியூரிலிருந்து லீவு போட்டு வரும் தம்பிக்கு இரவுத் தூக்கம் பற்றி என்ன தெரியும்? காலி அட்டைகளையும் எடுத்து வாருங்கள். குழுவில் மனநல சமூகப் பணியாளரோ உளவியலாளரோ வந்திருந்தால், "டாக்டரைப் பார்த்த பிறகு உங்களிடம் 20 நிமிடம் பேச வேண்டும்" என்று காலையிலேயே சொல்லி வையுங்கள். வேலை, கல்யாணப் பேச்சு, வீட்டுச் சண்டை எல்லாம் அங்கே பேச வேண்டியவை. இதைப் பலரும் டாக்டரிடம் தொடங்கி, பாதியில் எழுப்பி விடப்பட்டு, மனம் நொந்து திரும்புகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதத்தின் முதல் வியாழன் மட்டும் மனநல முகாம். 30 நாள் மாத்திரை தருகிறார்கள். சில மாதம் சரியாக வருகிறது, சில மாதம் நாலைந்து நாள் மாத்திரை இல்லாமல் போகிறது. போன முறை முகாமும் ரத்தாகி 11 நாள் மாத்திரையே இல்லை. மகனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் நிறுத்திவிடலாமா? – வாசகர், தர்மபுரி மாவட்டம்

ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். மனச்சிதைவு நோய்க்கான மாத்திரை நின்ற மறுநாளே நோய் திரும்பாது. பல வாரமோ சில மாதமோ கழித்துத்தான் திரும்பும். முதலில் தூக்கம் கெடும், பிறகு குளிப்பதும் சாப்பிடுவதும் குறையும், அப்புறம்தான் பழைய சந்தேகமும் குரல்களும். அதற்குள், மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறான் என்று வீட்டில் முடிவு கட்டியிருப்பார்கள். மாத்திரை நின்றதற்கும் நோய் திரும்பியதற்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியாமல் போவது இப்படித்தான்.

நாலைந்து நாள் ஏன் குறைகிறது தெரியுமா? முதல் வியாழனுக்கும் அடுத்த முதல் வியாழனுக்கும் நடுவே 30 நாள் ஒருபோதும் வராது. 28 நாள் வரும், அல்லது 35 நாள் வரும். வருடத்தில் 4 முறையாவது 35 நாள் வரும். அந்த மாதத்தில் 30 மாத்திரை 5 நாள் முன்பே தீர்ந்துவிடும். 28 நாள் வரும் மாதங்களில் மிஞ்சும் 2 மாத்திரையைத் தூக்கிப் போடாமல் அதே அட்டையில் வைத்திருந்தால் ஓரளவு ஈடுகட்டலாம். அதைவிட நல்லது, மாத்திரை வாங்கும் அன்றே காலண்டரைக் காட்டி, "அடுத்த முகாம் 35 நாள் கழித்து வருகிறது, 35 நாளுக்கும் முகாம் ரத்தானால் 5 நாளுக்கும் சேர்த்துத் தாருங்கள்" என்று கேட்பது. மருந்தாளுநர் தானாகக் கணக்குப் பார்த்துத் தருவார் என்று இருக்க வேண்டாம். வீட்டில் ஒருவர் தற்கொலை பற்றிப் பேசுகிறவராக இருந்தால் மட்டும் அதிக மாத்திரையைக் கையிருப்பு வைக்கக் கூடாது. அவருக்கு வாரக் கணக்கில்தான் வாங்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும்.

ஓ.பி. சீட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை தீரும் நிலை வந்தால், 3 நாள் இருக்கும்போதே சீட்டையும் காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பாருங்கள். மனநல மருத்துவர் எழுதிய மருந்தை இடைக்காலத்துக்கு அவர் தொடரலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார மையம் முதல் மேலே உள்ள அரசு மருத்துவமனைகளில் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 30 படுக்கை உள்ள வட்டார ஆரம்ப சுகாதார நிலையம் அந்த நிலையில் வருவது. இல்லை என்று சொன்னால் மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவும் நடக்காதபோது மெடிக்கலில் 5 நாளுக்கு மட்டும் வாங்கிச் சமாளியுங்கள்.

எல்லா மருந்தும் இடைவெளியை ஒரே மாதிரி தாங்குவதில்லை. மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி தொடங்கவே கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழலாம், வலிப்பு வரலாம், 12.5 மி.கி.-இலிருந்து டாக்டர் பார்வையில் ஏற்ற வேண்டும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் குளோனாசெபாம், டயாசெபாம், அல்பிரசோலாம் நெடுநாள் போட்டு திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். சோடியம் வால்புரோயேட்டும் அப்படித்தான், வலிப்பு நோய் உள்ளவருக்குக் கூடுதல் ஆபத்து. மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் நின்றால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றலும் உடம்பில் சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வும் எரிச்சலும் வரும். பயமுறுத்தும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. எதுவாக இருந்தாலும் விட்ட நாளுக்கும் சேர்த்து இரட்டை மாத்திரை போடாதீர்கள்.

மாதம் ஒருமுறை முகாம் நடக்கும் ஊர்களுக்கு நீண்ட நாள் செயல்படும் ஊசி நல்ல வழி. ஃபுளுஃபெனசின் டெகனோயேட் போன்ற ஊசியை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும், இரண்டு மூன்று நாள் தள்ளிப்போனாலும் மருந்து உடம்பில் இருக்கும். உங்கள் மகனுக்குப் பொருந்துமா என்று அடுத்த முகாமில் கேளுங்கள்.

கேள்வி: 14416-க்குப் போன் செய்தால் தமிழில் பேசுவார்களா? காசு பிடிக்குமா? – வாசகி, தென்காசி

தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது, இரவு 2 மணிக்கும் எடுப்பார்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயர். முதலில் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். சிக்னல் விட்டு விட்டு வரும் ஊராக இருந்தால், எடுத்தவுடன் உங்கள் எண்ணைச் சொல்லி, துண்டித்துப்போனால் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, வீட்டாரும் பேசலாம்.

கேள்வி: எங்கள் பகுதியில் மாலை 4 மணிக்கு மேல் மனநலத்துக்கென்று யாரும் இல்லை. கணவருக்குத் திடீரென்று இரவில்தான் முற்றுகிறது. பாத்திரத்தை எறிகிறார், வாசலில் போய்க் கத்துகிறார். மாவட்ட ஆஸ்பத்திரி 52 கிலோமீட்டர். போன முறை பக்கத்து ஆஸ்பத்திரியில் "இது மனநோய், இங்கே டாக்டர் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடியும்வரை கட்டிப் போட்டு வைத்தோம். வேறு என்ன செய்ய முடியும்? – வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

அம்மா, அவரைத் திருப்பி அனுப்பியது தவறு. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94-ஆவது பிரிவு, உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து, அல்லது தனக்கோ பிறருக்கோ கடுமையான தீங்கு என்ற அவசர நிலையில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் சிகிச்சை தரலாம் என்கிறது. மனநல மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கூடியபட்சம் 72 மணி நேரம். அதற்குள் மனநலப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். "94-ஆவது பிரிவில் அவசர சிகிச்சை கொடுங்கள், காலையில் நாங்கள் மாவட்ட மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறோம்" என்று கேளுங்கள். மறுத்தால், மறுப்பை ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னவுடன் உள்ளே கூப்பிட்டுப் பார்ப்பதும் உண்டு.

அதற்கும் முன்னால் ஒன்றைக் கவனியுங்கள்: இது மனநோய்தானா? வழக்கமாகக் குடிக்கிறவர் குடியை நிறுத்திய 2 முதல் 4 நாளில் கை நடுங்கி, வியர்த்து, போர்வையைப் பிய்த்து, சுவரில் பூச்சி ஓடுகிறது என்று சொல்லி, இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாமல் இருந்தால் அது குடி நிறுத்தத்தால் வரும் குழப்பநிலை. உயிரைப் பறிக்கக்கூடியது. காய்ச்சல், தலையில் அடி, வலிப்பு வந்து போனது, சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கியது, இவற்றாலும் ஆள் இப்படி மாறுவார். இதற்கெல்லாம் மனநல டாக்டரே தேவையில்லை, எந்த அவசரப் பிரிவும் பார்த்தாக வேண்டும். 108-இல் சொல்லும்போதும் இந்த உடல் அறிகுறிகளை முதலில் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுத்து அடக்கப் பார்க்காதீர்கள்.

வண்டி வரும்வரை: கூட்டத்தைக் கலையுங்கள், டி.வி.யை அணையுங்கள், விளக்கு எரியட்டும். அவருக்குப் பிடித்த ஒருவர் மட்டும் பேசட்டும், கையெட்டும் தூரத்துக்கு வெளியே நின்று, கதவை மறித்துக்கொள்ளாமல். அவர் சொல்வதைப் பொய் என்று வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று ஒத்து ஊதவும் வேண்டாம்; "பயமா இருக்கா? நாங்க இங்கதான் இருக்கோம்" என்பது போதும். அரிவாள், அரிவாள்மனை, மண்ணெண்ணெய் எல்லாம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

சங்கிலி போட்டுக் கட்டுவதை இதே சட்டத்தின் 95-ஆவது பிரிவு தடை செய்கிறது. சட்டம் மட்டுமல்ல காரணம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலைத் தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் இருந்ததால் ஓட முடியவில்லை. அந்த இரவு உங்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்பது புரிகிறது. அடுத்த முறைக்கு, 108-உடன் காவல் நிலையத்தையும் அழைக்கலாம். மருத்துவமனைக்குக் கொண்டுசேர்ப்பதுதான் அவர்கள் வேலை, லாக்கப்பில் வைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

இப்படி முற்றுவதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அடையாளம் தெரியும். சிலருக்கு இரண்டு இரவு தூக்கம் போகும், சிலருக்குப் பேச்சு வேகமாகும், சிலர் குளிப்பதை நிறுத்துவார்கள். உங்கள் கணவருக்கு எது என்று கண்டுபிடித்து எழுதி, "இந்த அடையாளம் தெரிந்தால் எந்த மாத்திரையை எவ்வளவு கூட்டிக் கொடுக்கலாம்" என்று மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரி இருந்தால் இரவு 11 மணிக்கு உள்ளூர் டாக்டருக்கும் தைரியம் வரும்.

கேள்வி: நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர். பி.பி., சுகர் பார்க்கப் போன வீட்டில் எல்லாம் மனக்கஷ்டத்தைச் சொல்லி அழுகிறார்கள். கேட்டுக் கேட்டு மற்ற வேலை தேங்குகிறது. இரவிலும் போன் வருகிறது. எடுக்காவிட்டால் குற்ற உணர்ச்சி. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் எவ்வளவு நேரம் பேசலாம்? – வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

உட்கார்ந்து கேட்கும் சந்திப்பு என்றால் ஒரு நாளைக்கு 2, ஒவ்வொன்றும் 30 முதல் 40 நிமிடம். மற்ற வேலையோடு சேர்த்துச் செய்யும்போது இதற்கு மேல் போக வேண்டாம். மூன்றாவது வீட்டில் உங்கள் காது கேட்கும், மனசு கேட்காது. அவசரமாக ஒரு புத்திமதி சொல்லி எழுந்து வந்துவிடுவீர்கள், அவர்கள் அதற்கப்புறம் வாயே திறக்க மாட்டார்கள்.

இந்த 30–40 நிமிடத்தை நாங்கள் கையிலிருந்து சொல்லவில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு பேச வைத்தார்கள். 6 முதல் 8 சந்திப்பு, ஒவ்வொன்றும் 30–40 நிமிடம், அவ்வளவுதான். 2017-இல் முடிவு வெளிவந்தது: வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். நேரமும் எண்ணிக்கையும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருந்தன, மேலே ஒருவர் மேற்பார்வை செய்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. முடிவே இல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பது சிகிச்சை ஆகாது.

அழுகிற எல்லோருக்கும் 40 நிமிடம் தேவைப்படாது. இரண்டு கேள்வி கேளுங்கள். கடந்த 2 வாரமாக மனசு சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் இருக்கிறதா? வழக்கமாகப் பிடித்துச் செய்கிற எதிலும் நாட்டம் இல்லாமல் போய்விட்டதா? இரண்டில் ஒன்று பெரும்பாலான நாட்கள் இருந்தால் அவருக்கு நேரம் ஒதுக்குங்கள், மருத்துவ அலுவலரிடமும் சொல்லுங்கள். இல்லையென்றால் 5 நிமிடம் கேட்டாலே பாரம் இறங்கிவிடும்.

அந்த 40 நிமிடத்தில் என்ன செய்வது? முதல் 20 நிமிடம் கேளுங்கள். பிறகு, நோய் வருவதற்கு முன் செய்து இப்போது விட்டுப்போனது என்ன என்று தேடுங்கள். பூக்கட்டுவது, ஆட்டை ஓட்டிக்கொண்டு போவது, வெள்ளிக்கிழமை கோயில், அக்கா வீட்டுக்குப் போன். அதில் ஆகச் சிறியதை எடுத்து நாளும் நேரமும் குறியுங்கள்: "நாளை காலை 7 மணிக்கு ஒரு முழம் பூ." அடுத்த வாரம் அதைக் கேளுங்கள். செய்யவில்லை என்றால் திட்டாதீர்கள், அரை முழம் ஆக்குங்கள். மனசு தேறினால் வேலை செய்யலாம் என்று காத்திருக்கிறார்கள். இந்த நோயில் கை அசைந்த பிறகுதான் மனசு அசையும்.

திண்ணையில் பேச வேண்டாம். மாமியார் காதில் விழும் இடத்தில் மருமகள் உண்மையைச் சொல்ல மாட்டாள். பி.பி. பார்க்கிற சாக்கில் பின்பக்கம் மாட்டுக்கொட்டகைக்கோ, துவைக்கிற கல்லுக்கோ கூட்டிப்போங்கள். கடன் கொடுக்காதீர்கள், சமாதானத் தூது போகாதீர்கள். இரண்டில் எதைச் செய்தாலும் அந்த வீட்டின் ஒரு பக்கத்து ஆளாகிவிடுவீர்கள்.

போனுக்கு ஒரு நேரம் வையுங்கள், மாலை 6 முதல் 7 என்று. முதல் நாளே சொல்லிவிட வேண்டும்: "7 மணிக்கு மேல் நான் எடுக்க மாட்டேன், அந்த நேரத்துக்கு 14416." அந்த எண்ணை அவர் போனில் நீங்களே பதிந்து கொடுங்கள், உங்கள் முன்னாலேயே ஒருமுறை அழைக்க வைத்தால் இன்னும் நல்லது. நடுராத்திரியில் பழக்கமில்லாத எண்ணுக்கு யாரும் புதிதாகப் போன் செய்வதில்லை. நேரத்தைப் பிறகு சொன்னால், கைவிட்டதாகத் தோன்றும். உங்களை மட்டுமே நம்பியிருப்பவர், நீங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போன நாலு நாளில் ஆதரவே இல்லாமல் நின்றுவிடுவார். அதனால் இது அவர் நலத்துக்கும்தான்.

சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வராது, வந்திருந்தால் வெளியே வரும். தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் எலி மருந்தையும் அப்போதே வேறு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது, அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு கிராமத்துக்குப் பொதுவாகப் பூச்சிமருந்துப் பெட்டகம் அமைத்துப் பார்த்ததும் இதற்காகத்தான். 14416-ஐயும் மருத்துவ அலுவலரையும் உங்கள் முன்னாலேயே பேசவையுங்கள். பொறுப்பை இன்னொரு மனிதர் கையில் கொடுத்த பிறகுதான் அங்கிருந்து கிளம்ப வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட வீட்டுத் தெருவை நினைத்தாலே கால் பின்வாங்குகிறது, அவர்கள் சொன்னது இரவில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் உங்களுக்கு ஓய்வு தேவை. அந்த வீட்டை இரண்டு வாரம் இன்னொருவரிடம் ஒப்படையுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் வாரம் ஒருமுறை 30 நிமிடம், பெயரைச் சொல்லாமல், மனதில் தங்கியதைப் பேசுங்கள்.

கேள்வி: கிராம சபையில் "தினமும் மனநல டாக்டர் வேண்டும்" என்று தீர்மானம் போடலாமா? – ஊராட்சி வார்டு உறுப்பினர், தஞ்சாவூர் மாவட்டம்

போடலாம், ஆனால் "நிபுணர் பற்றாக்குறை" என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்பி வரும். நடக்கக்கூடியதைக் கேளுங்கள். மாதம் ஒருநாள் முகாமை இரண்டு நாளாக்குவது; முகாம் ரத்தானால் முந்தைய நாளே ஊராட்சிக்குத் தகவல், 7 நாளில் மாற்று நாள்; தொடர் நோயாளிகளுக்கான மாத்திரையை மற்ற நாட்களில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே தருவது; அதற்கான பயிற்சி, இருப்பு. முகாம் தொடங்கும் நேரம் முதல் பஸ் வந்துசேரும் நேரத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். பஸ் 10.40-க்கு வருகிறது, டோக்கன் 10.30-க்கு முடிகிறது என்றால் ஓ.பி. நேரத்தை எவ்வளவு கூட்டியும் உங்கள் ஊருக்குப் பயனில்லை.

எத்தனை பேர் மருந்து வாங்குகிறார்கள், போக வர எவ்வளவு செலவு, போன 6 மாதத்தில் எத்தனை முகாம் நடக்கவில்லை என்ற எண்களைத் தீர்மானத்தில் சேருங்கள். நோயாளிகளின் பெயரைச் சேர்க்கவே கூடாது, சபையில் வாசிக்கவும் கூடாது. தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைவர் அவர்தான்.

கேள்வி: மகளுக்கு இருமுனை மனநோய். லித்தியம் போடுகிறாள். 48 நாள் கோயிலில் தங்க வைக்க நேர்ந்திருக்கிறோம். மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாமா? – வாசகி, திருச்சி மாவட்டம்

கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். நேர்த்திக்கும் மாத்திரைக்கும் சண்டை இல்லை. ஆனால் விரதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. உப்பில்லாச் சாப்பாடு, தண்ணீர் குறைத்துக் கிடக்கும் விரதம் இரண்டும் லித்தியம் போடுகிறவர்களுக்கு ஆகாது. உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் உப்போடு சேர்த்து லித்தியத்தையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்தில் அளவு ஏறிவிடும். வெயிலில் அங்கப்பிரதட்சணம், வயிற்றுப்போக்கு, மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். பூசாரியிடம் சொல்லி வழக்கமான உப்போடு ஒரு வேளையாவது சாப்பாடு, நாள் முழுக்கத் தண்ணீர் என்று ஏற்பாடு செய்யுங்கள்.

போவதற்கு முன் லித்தியம் அளவு பாருங்கள். முந்தைய இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடும் முன் இரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரை போட்டவுடன் கொடுத்தால் அளவு பொய்யாக அதிகமாகத் தெரியும். நெடுநாள் போடுகிறவர்களுக்குப் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம். கோயிலில் இருக்கும்போது கை நடுக்கம் கூடி, வாந்தியோ பேதியோ வந்து, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அருள் வந்திருக்கிறது என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு, வியாழக்கிழமைவரை பார்க்காமல், அன்றைக்கே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய் "லித்தியம் போடுகிறாள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.